பாறைமேட்டு வேங்கை

“பொன்னையனை ஊருக்கு அனுப்பிருங்கம்மா” என்றார் ஆவுடையப்பன்.

வடிவாம்பாள் அம்மை முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் அந்த மலையடி மடத்துக்குக் குரு அவர்தான்.

“ஏனாம்?”

“போன ஆடியில நானும் அவரும் ஒரே நாள்லதான் வந்தோம். நீங்க சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு ஒரு வரி ஏறலை. வாயையே திறக்கமாட்டேங்காரு. அவரால மடத்துக்கு என்ன பிரயோசனம்?”

“சரி. சாயங்காலம் அனுப்பிடலாம். இப்ப அடுப்புக்கு விறகு இல்ல. வெட்டிட்டு வாங்க.”

பட்ட மரத்தைத் தவிர வேறெதிலும் கோடரி படக்கூடாது என்பது மடத்து வழக்கம்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆவுடையப்பன் ஆற்றங்கரைக்காரர். அவர் ஊரில் மரமென்றால் வருடம் முழுக்கப் பச்சை. மொட்டையாக நின்றால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஓடைப் பள்ளத்தில் ஒரு வேங்கை மரம் இலை அடர்ந்து நின்றது. மேலே பாறைமேட்டில் இன்னொரு வேங்கை, கூனிக் குறுகி, ஒரு இலைகூட இல்லாமல்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓங்கி ஒரு போடு போட்டார்.

பட்டை பிளந்து சிவப்பாகப் பிசின் வழிந்தது.

கோடரியை எறிந்துவிட்டு மடத்துக்கு ஓடினார்.

“அம்மா, உசுரோட இருக்கும்மா! வெட்டிட்டேனே!”

அம்மை கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவருடன் நடந்தார். மனிதர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மேட்டு மரத்தடியில், “மண்ணுல குத்துங்க” என்றார் அம்மை.

ஒரு சாண்கூட இறங்கவில்லை. ணங்கென்றது. அடியில் பாறை. அனல்காற்று முகத்தில் அடித்தது.

பள்ளத்து மரத்தடியிலும் குத்தச் சொன்னார். கடப்பாரை பாதிவரை இறங்கியது. இழுத்தால் முனையில் ஈரமண்.

“ரெண்டும் ஒரே மரத்து விதை” என்றார் அம்மை.

“பின்னே மேல நிக்கது கோடையில எப்படிம்மா பிழைக்கு?”

“இலையைக் கொட்டிட்டுச் சும்மா நிக்கும்.”

ஆவுடையப்பன் இரண்டு கையிலும் ஈரமண்ணை அள்ளிக்கொண்டு மேடேறினார். வெட்டுவாயில் அப்பினார். அம்மை காத்திருந்தார்.

“அப்ப பொன்னையனை அனுப்பிடலாம். எந்த ஊருக்கு அனுப்பணும்?”

பொன்னையனுக்கு எந்த ஊர் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. இத்தனை மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுப் பொன்னையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, உங்க ஊர்ப்பக்கம் மழையெல்லாம் எப்படி?”

பொன்னையன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் கிளம்புற வரைக்கும் பெய்யலை” என்றார்.