மூன்று விரல் கண்

தவிட்டுமேட்டில் முயலை யாரும் முயல் என்று சொல்வதில்லை. திருடன் என்றுதான் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ பங்களாவில் இருந்த துரை ஒருவர், கூண்டில் வளர்த்த முயல்களைத் திறந்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டாராம். அவர் போனார், முயல்கள் போகவில்லை. மலைச்சரிவெல்லாம் வளை தோண்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தின. நிம்மதி போனது கேரட் போட்டவர்களுக்குத்தான்.

அப்படி நிம்மதி போனவர்களில் முதல் ஆள் தங்கமாயன். வயது ஐம்பத்திரண்டு. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பாதி வழி போனதும் சந்தேகம் வந்து, திரும்பி வந்து நான்காவது தரமும் இழுத்துப் பார்ப்பார்.

"இந்த மனுசன் பாடையில போனாக்கூட, நடுவுல எறங்கி வந்து அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் போவாரு" என்பாள் அவர் மனைவி பஞ்சவர்ணம்.

போன வருடம் முயல்கள் அவருடைய கேரட் காட்டில் பாதியைத் தின்று தீர்த்த பிறகு, தங்கமாயன் ஒச்சம்மாவிடம் போய் நின்றார். அவருக்குப் பத்து வயது இளையவள் ஒச்சம்மா. அந்த மலையில் கீரியை விட்டு முயல் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வளையின் வாய்களில் எல்லாம் சுருக்குப்பை மாதிரியான வலையை விரித்துவிட்டு, ஒரு வாய் வழியாகக் கீரியை உள்ளே அனுப்புவாள். பயந்து ஓடிவரும் முயல் வலையில் வந்து விழும். விழுந்த வேகத்தில் சுருக்கு இறுகிக்கொள்ளும்.

அதுவரை அவளை 'நீ, வா' என்று பேசிவந்த தங்கமாயன் அன்றைக்குத்தான் 'நீங்க' என்றார்.

"தாயி, எனக்குக் கத்துக்குடுங்க. ஒண்ணுகூடத் தப்பாத மாதிரி ஒரு வலை கட்டணும்."

ஒச்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதல்ல ஒரு கீரிய வளத்துட்டு வாங்கண்ணே."

"வலை?"

"கீரி."

அந்த மலையின் வழக்கம் அப்படி. வலையையும் கீரியையும் யாரும் இரவல் கொடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள்.

தாயை இழந்த கீரிக்குட்டி ஒன்று தங்கமாயனுக்குக் கிடைத்தது. பஞ்சில் பாலை நனைத்துக் கொடுத்து வளர்த்தார். கண் இரண்டும் மிளகு மாதிரி இருந்ததால் மிளகு என்றே பேர் வைத்தார். அது அவர் சட்டைக்குள் புகுந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு எந்தப் பூட்டின் நினைப்பும் வராது. பஞ்சவர்ணம் தன் பழைய கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றி அதன் கழுத்தில் கட்டிவிட்டாள்.

கீரி வளர்ந்ததும் மறுபடி போனார். ஒச்சம்மா தன் மூன்று விரல்களைச் சேர்த்துக் கீரியின் நெற்றியில் வைத்து அளந்தாள். அந்த அகலத்துக்கு ஒரு மூங்கில் பட்டையைச் சீவினாள். அதைச் சுற்றி நூலில் ஒரு வலைக்கண் போட்டு, "இதுக்குள்ள அது தலைய விட்டுப் பாருங்க" என்றாள்.

தங்கமாயன் விட்டுப் பார்த்தார். தலை வழுக்கிக்கொண்டு போனது, பின்னாலேயே உடம்பும் போனது.

"நுழையுதா?"

"நுழையுது தாயி."

"ஒவ்வொரு முடிச்சையும் இந்தப் பட்டையைச் சுத்தித்தான் போடணும்."

"கண்ணு பெருசா இருக்கே. குட்டி முயலு பூந்து போயிடாதா?"

"போகும்."

"போகும்னா?"

ஒச்சம்மா பட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

அவர் காட்டுக்கு மேலே இருந்த வளையைக் காட்ட அழைத்துப் போனாள். எட்டு வாய்கள் இருந்தன. கொஞ்சம் தள்ளி, ஒன்பதாவதாக ஒரு வாய் கல் குவித்து மூடிக் கிடந்தது.

"இது?"

"மூடுனது."

"யாரு மூடுனா?"

அவள் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டாள். தங்கமாயனும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒச்சம்மாவின் முதல் கீரி அந்த வளைக்குள் போய்த்தான் திரும்பவில்லை என்று ஊரில் பேச்சு உண்டு. பாம்பு தீண்டியிருக்கும் என்பார்கள்.

தங்கமாயன் வலை கட்ட உட்கார்ந்தார். முதல் வலை சரியாகத்தான் வந்தது. தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குட்டி முயல் தலையை நீட்டி அவரைப் பார்த்துச் சிரித்தது. எத்தனை ஓட்டை! வலை என்பதே ஓட்டைகளின் கூட்டம்தான் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அரிவாளை எடுத்தார். மூங்கில் பட்டையில் ஒரு விரல் அகலத்தைச் சீவி எறிந்தார். கட்டிய வலையைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் எட்டு வலை முடிந்தது. எல்லாம் இரண்டு விரல் கண். ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்திருந்தார்.

விடிந்து பனி விலகும் நேரத்தில் இருவரும் வளைக்குப் போனார்கள். ஒச்சம்மா ஒரு வலையைக் கையில் எடுத்தாள். கண்ணுக்குள் விரலை விட்டாள்.

"பட்டை எங்கண்ணே?"

"வீட்டுல இருக்கு தாயி."

"நான் குடுத்த அளவுதானா?"

"அதே அளவுதான்."

சொல்லும்போதே அவருக்குக் காது சுட்டது. ஒச்சம்மா வலையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு வாயைத் தொறந்தே விட்டுருவமா?"

"ஐயோ, வேணாம் தாயி! அத்தனையும் அது வழியால்ல போயிரும்!"

"உங்க வலை" என்றாள் அவள். கல் குவித்திருந்த வாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தங்கமாயன் எட்டு வாயிலும் வலை விரித்து முளைக்குச்சி அடித்தார். அடித்த குச்சியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து மிளகை எடுத்து, ஒரு வலையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, வலையைச் சரிசெய்தார். கொலுசு மணி மண்ணுக்குள் கிணுகிணுத்துக்கொண்டே தூரப் போனது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று நிலத்துக்குள் தடதடவென்று ஓட்டம். மூன்றாவது வாயின் வலை எகிறியது. கொழுத்த முயல் ஒன்று சுருக்குக்குள் சிக்கி, வாயை அடைத்தபடி உருண்டது.

"விழுந்துருச்சு தாயி!"

ஒச்சம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காது மண்ணில் இருந்தது.

மணிச்சத்தம் முதல் வாய்க்கு வந்தது. வலை லேசாக உப்பியது. மிளகின் மூக்கு வலைக்கண்ணில் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. தங்கமாயன் ஓடினார். அவர் காலடி அதிர்ந்ததும் மணி உள்ளே போய்விட்டது.

இப்போது ஐந்தாவது வாயில் கேட்டது. ஓடினார். அங்கேயும் முட்டிவிட்டுப் போய்விட்டது. ஏழாவது வாய். அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டாவதில் சத்தம். ஐம்பத்திரண்டு வயது மனிதர் சரிவில் மேலும் கீழுமாக, கோழி பிடிப்பவரைப் போல ஓடினார். எந்த வாய்க்குப் போனாலும் வலை ஆடிக்கொண்டிருந்ததே தவிர, மிளகு இல்லை. ஏழாவது வாயின் நூலில் ரத்தப் பொட்டு ஒன்று இருந்தது.

"தாயி, அது வெளிய வரப் பாக்குது. வர மாட்டேங்குது."

"வழி இருந்தா வரும்."

அவர் சீவி எறிந்த அந்த ஒரு விரல் மூங்கில், கண் முன்னால் கிடப்பது போலிருந்தது.

"தோண்டிரலாமா?"

"மேல் மண்ணு உள்ள எறங்கிரும்."

"கூப்புட்டா வருமா?"

"வந்து?"

மணிச்சத்தம் குறைந்தது. ஆழத்தில் எங்கோ ஒருதரம் கிணுங்கியது. இன்னொரு தரம் கிணுங்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

மலை முழுக்கச் சத்தமில்லாமல் போனது போல இருந்தது தங்கமாயனுக்கு. அவர் ஒச்சம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். குவியலிலிருந்த ஒரு கல்லை அவள் கை இறுகப் பற்றியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உண்மையான பயம் பிடித்தது.

"வலைய எடுத்தா உள்ள இருக்குறது பூராவும் ஓடிரும்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஓடிரும்."

"எடுக்கலைன்னா?"

ஒச்சம்மா கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமாயன் முதல் வலையின் முளைக்குச்சியைப் பிடுங்கினார். அவரே இறுக்கி அடித்தது, சுலபத்தில் வரவில்லை. நகம் பெயர்ந்தது. இரண்டாவதைப் பிடுங்கினார். மூன்றாவதில் கிடந்த கொழுத்த முயலைச் சுருக்கை அவிழ்த்து உதறினார். அது அவர் கால்மேலேயே ஏறி ஓடியது. நான்காவது வலையை எடுத்ததும், பின்னால் திறந்து கிடந்த வாய்களிலிருந்து முயல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெரியது, சிறியது, அவரைப் பார்த்துச் சிரித்த குட்டிகள் எல்லாம். எல்லாம் நேராக அவருடைய கேரட் காட்டுக்குத்தான் இறங்கின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாவது வலையைப் பிய்த்து எடுத்துவிட்டு, மண்ணில் குப்புற விழுந்து வளையின் வாய்க்குள் முகத்தை வைத்தார்.

"மிளகு! ஏ சாமி, வந்துரு சாமி. எல்லாத்தையும் எடுத்துட்டேன். மிளகு!"

இருட்டிலிருந்து ஈர மண் வாடைதான் வந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தாரோ தெரியவில்லை. ஒரு கிணுக்கம் கேட்டது. பிறகு மெதுவாக, நின்று நின்று, மணி நெருங்கி வந்தது. வாய்க்கு ஒரு முழம் உள்ளே இரண்டு மிளகுக் கண்கள் தெரிந்தன. மூக்கெல்லாம் உரிந்து சிவந்திருந்தது. தங்கமாயன் கையை நீட்டினார். அது பின்வாங்கியது.

"கையில என்ன இருக்குன்னு பாருங்கண்ணே" என்றாள் ஒச்சம்மா.

எட்டாவது வலை இன்னும் அவர் கையில் சுற்றியிருந்தது. உதறித் தூர எறிந்தார். அதற்குப் பிறகும் மிளகு யோசித்தது. யோசித்துவிட்டு, தவழ்ந்து வந்து அவர் சட்டைக்குள் புகுந்துகொண்டது. அதன் நெஞ்சு அவர் வயிற்றில் படபடவென்று அடித்தது. தங்கமாயன் வெட்கமில்லாமல் அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் சொன்னார்.

"தாயி, பட்டையைச் சீவிப்புட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களே?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

தங்கமாயன் யோசித்துப் பார்த்தார். கேட்டிருக்க மாட்டார். தலையை ஆட்டி, 'ஆகட்டும் தாயி' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னும் அரை விரல் சீவியிருப்பார்.

கீழே காட்டில் கேரட் தழைகள் அங்கங்கே அசைந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். விரட்டப் போகவில்லை.

"கீரித் தலைக்குத்தான் அளவு எடுக்கணும்னு உங்களுக்கு யாரு தாயி கத்துக்குடுத்தா?"

குவியலிலிருந்து ஒரு கல் சரிந்து கிடந்தது. ஒச்சம்மா அதை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பழைய இடத்திலேயே மெதுவாக வைத்தாள்.

"என் மொத வலையும் ரெண்டு வெரல் கண்ணுதாண்ணே. நல்ல வலை. ஒண்ணுகூடத் தப்பலை."