கல்லுக்கு வந்த காய்ச்சல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் கரடி ஒன்று வைத்தியம் பார்த்துவந்தது. தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அதன் நினைப்பு.

ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கிய மனிதர்கள் விட்டுப்போன தெர்மாமீட்டர் ஒன்று அதற்குக் கிடைத்தது. கண்ணாடிக் குழாய், நுனியில் பாதரசம். உடம்புச் சூடு பட்டதும் பாதரசம் விரிந்து குழாயில் ஏறும். அது நிற்கும் இடத்து எண்ணைப் படித்தால் போதும். பட்டணத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினாலே எண் காட்டும் புதுவகை வந்திருப்பதாகக் காகம் சொன்னது. அதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று கரடி ஒதுக்கிவிட்டது.

முதலில் காட்டுப்பன்றி வந்தது. நூற்றாறு டிகிரி, நிஜமான காய்ச்சல். மற்றவர்க்கும் தொற்றிவிடாமலிருக்க, பத்து நாள் அக்கரையில் இருக்கும்படி கரடி அதை அனுப்பியது.

அடுத்து வந்த மானுக்கும் நூற்றாறு. குரங்குக்கும் நூற்றாறு. அதுவரை தாவிக்கொண்டிருந்த குரங்கு, எண்ணைக் கேட்டதும் முனக ஆரம்பித்துவிட்டது. பாவம், இரண்டும் அக்கரைக்குப் போயின.

பிறகு, காலில் முள் தைத்த முயல் நொண்டிக்கொண்டு வந்தது. கரடி முள்ளைப் பார்க்கவே இல்லை. தெர்மாமீட்டரை வைத்தது. நூற்றாறு.

"நீயும் அக்கரைக்குப் போ" என்றது கரடி.

"ஐயா, குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகிறது. நான் போய்விட்டால் மூன்றுக்கும் யார் பால் கொடுப்பார்கள்?"

"கருவி பொய் சொல்லுமா?"

முயல் அழுதுவிட்டது.

எதையும் நிதானமாகப் பார்க்கும் ஆமை அங்கே இருந்தது. அது ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்து, இதற்கும் பாருங்கள் என்றது. கரடி எரிச்சலோடு பார்த்தது. நூற்றாறு.

"கல்லையும் அக்கரைக்கு அனுப்பலாமா, வைத்தியரே?"

கரடி தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இந்தக் குழாயில் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. அந்த மனிதர்கள் ஒவ்வொரு தடவையும் அதை உதறி இறக்கியதைப் பார்த்தேன். நீங்கள் உதறினீர்களா?"

"கண்ணாடியாயிற்றே, உடைந்துவிடும் என்று பயந்தேன்" என்றது கரடி மெல்ல.

இப்போது நன்றாக உதறிவிட்டு வைத்தது. நூற்றிரண்டு. முயலுக்கு அதுதான் இயல்பான சூடு. கரடி வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டு, முள்ளைப் பிடுங்கிவிட்டது. மானையும் குரங்கையும் திரும்பி வரச்சொல்லிக் காகம் பறந்தது.

இருட்டுவதற்குள் முயல் புதருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று குட்டிகளும் முட்டி மோதிக்கொண்டு வயிறு நிறையப் பால் குடித்தன.

நீதி: முன்னவரிடம் கண்டதை உதறிவிட்டே அடுத்தவரை அளக்க வேண்டும்.