கயித்து மேல சலாம்

கயித்து நடுவுல நின்னு சலாம் போடத் தலையைத் திருப்பினான் சுலைமான். அவ்வளவுதான். சர்க்கஸ் கூடாரமே ஒரு சுத்து சுத்துச்சு. கண்ணைத் தொறந்தா வலையில கிடக்கான்.

காதுக்குள்ள ஒரு காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து இப்படித்தான். முதலாளி சொல்லிட்டாரு: "தீபாவளி ஆட்டத்துல ரெண்டு பக்கமும் சலாம் போடணும். முடியலன்னா கயிறு வேற ஆளுக்கு."

நேரா எஸ்தர்கிட்ட போனான். அவனைவிட சின்னப் பொண்ணு. சர்க்கஸ் நாய்ங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

"கடிப்பியா?"

"முதலாளியை மட்டும்."

"சரி, உக்காரு. கழுத்துல என்ன துண்டு?"

"தலை ஆடக்கூடாதுன்னு இறுக்கிக் கட்டியிருக்கேன். தூங்கும்போதுகூட அவுக்குறதில்ல. ஆடாம இருந்தா சுத்தல."

எஸ்தர் எழுந்து போய் சமையக்கட்டுலேர்ந்து ஒரு கோழியைத் தூக்கிட்டு வந்தா. அவன் கையில குடுத்தா.

"இடப்பக்கம் நகத்து."

கோழி உடம்பு நகந்துச்சு. தலை நகரல. அந்தரத்துல ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நின்னுச்சு.

"மேல. கீழ."

தலை அங்கயேதான். சுலைமானுக்கு சிரிப்பு வந்துடுச்சு.

"உடம்பு ஆடினா காது சேதி சொல்லும். கோழி கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பும், நீ கண்ணைத் திருப்புவ. அளவு தப்பினா திருத்துறதுக்குன்னே பின்மண்டையில ஒருத்தன் இருக்கான். சிறுமூளைன்னு பேரு."

"என் ஆளு செத்துட்டானா?"

"நல்லாத்தான் இருக்கான். நீ தலையைக் கட்டி வச்சதால வேலை இல்லாம உக்காந்திருக்கான்."

சொல்லிக்கிட்டே துண்டை அவுத்துட்டா. எதிர்ல தொங்கின சர்க்கஸ் நோட்டீஸைக் காட்டினா.

"படி. படிச்சுக்கிட்டே தலையை ஆட்டு."

"எழுத்தெல்லாம் கலங்குது."

"கலங்கட்டும். அப்பத்தான் அவன் திருத்தப் பழகுவான். ஆட்டு."

"வாந்தி வருது டாக்டரம்மா."

"பக்கெட் அங்க இருக்கு. ஆட்டு."

அன்னிலேர்ந்து சுலைமானுக்கு அதே வேலைதான். சோறு திங்கும்போதும் ஆட்டினான், பல்லு விளக்கும்போதும் ஆட்டினான். சமையக்காரர் எதைக் கேட்டாலும் இவன் வேண்டாம்னு தலையாட்டுறான்னு நினைச்சு, பாவம், ரெண்டு வேளை கறியே போடல. எழுத்து மட்டும் மெல்ல மெல்லத் தெளிஞ்சுச்சு.

தீபாவளி வந்துச்சு. கூடாரம் நெறைஞ்சிருந்துச்சு.

சுலைமான் கயித்து நடுவுல நின்னான். வலப்பக்கம் திரும்பினான். கூடாரம் லேசா ஆடுச்சு.

கழுத்தைப் பிடிச்சு நிறுத்தல. இடப்பக்கம் திரும்பி சலாம் போட்டான். மறுபடி வலம். மறுபடி இடம்.

கூடாரம் நின்னுடுச்சு. முன்வரிசையில ஒரு அம்மா தலையில வச்ச பூகூட அவனுக்குத் தெரிஞ்சுச்சு.

அவன் நிறுத்தற மாதிரி இல்ல. கீழேர்ந்து முதலாளி கத்தினாரு. "டேய், சலாம் போதும்டா. நடடா."

"இருங்க முதலாளி," அடுத்த பக்கம் திரும்பிக்கிட்டே சொன்னான் சுலைமான். "பின்மண்டையில ஒருத்தன் பழகிட்டிருக்கான்."