நீறு சுட்ட சடைச்சி அம்மையார்

நொச்சிக்கரை என்னும் ஊரில் கிழக்கு வெளுக்குமுன் எழுந்து மாட்டுத் தொழுவங்களைத் தேடிப் போகும் அம்மையார் ஒருவர் இருந்தார். சடைச்சி என்பது அவர் பெயர். பசு சாணமிடும் வரை பொறுமையாகக் காத்திருந்து, அது மண்ணில் விழுமுன் தாமரை இலையில் ஏந்திக்கொள்வார். உருண்டை பிடித்து வெயிலில் காய வைத்து, உமி பரப்பி மூட்டமிட்டால் மூன்றாம் நாள் உருண்டைகள் வெளுத்து நிற்கும். அவற்றை நொறுக்கி, பழந்துணியில் சலித்து, நொச்சிவனநாதர் கோயில் வாசலில் கூடையோடு வைத்துவிடுவார். ஊரார் நெற்றியில் துலங்கிய திருநீறெல்லாம் அவர் கைநீறுதான்.

ஆனால் அவரைக் கோயிலுக்குள் விட்டதில்லை. குலமும் ஊரும் தெரியாதவள் என்பது ஊரார் சொன்ன காரணம். அதனால் அம்மையார் கருவறைக்கு நேர் பின்னே, மதிலுக்கு வெளியே நின்று, கல்லில் நெற்றியைப் பதித்துத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஏதோ சொல்வார். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். என்ன சொல்கிறார் என்பது எவருக்கும் தெரியவில்லை. தெரியாததனாலேயே அது எல்லாருக்கும் உறுத்தியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு துணி மூட்டையோடு தனியே வந்தவர் அவர். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், இனிமேல் இதுதான் என்று மட்டும் சொல்லியிருந்தார். உறவு யார் என்று கேட்டால் கோபுரத்தைக் காட்டுவார். இப்படிப் பதில் சொல்பவளிடம் ஏதோ மர்மம் இருக்கிறது என்று தண்ணீர்த் துறையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மையாருக்கும் இந்த ஊர்மேல் நம்பிக்கை இருந்ததில்லை. இறைவன்மேல் வைத்த அன்பு அசையவில்லை. மனிதர்களைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும், இவர்தானோ, இவர்தானோ என்று உள்ளுக்குள் தேடினார். முக்கியமாக ஓடக்காரர் கலியன் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து வேறு தெருவில் திரும்பிவிடுவார். இவள் ஏன் என்னைக் கண்டு ஒளிகிறாள் என்று கலியனும் சந்தேகப்பட்டார்.

ஒருநாள் கோயில் வெள்ளி விளக்கு ஒன்று காணாமல் போயிற்று. ஊர்த்தலைவர் மழவராயர் முதலில் ஆளனுப்பியது அம்மையாரின் குடிசைக்குத்தான். மூட்டையை உதறினார்கள். விளக்கு இல்லை, வெள்ளி மணி கோத்த ஒரு சிறு அரைஞாண் கயிறு விழுந்தது. யார் குழந்தையின் இடுப்பிலிருந்து எடுத்தாய் என்று மழவராயர் கேட்டார். அம்மையார் அதைக் குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் பூக்குப்பையில் விளக்கு அகப்பட்டது. தொலைந்த விளக்கு வந்துவிட்டது. வந்த சந்தேகம் போகவில்லை. பிள்ளை பிடிக்கிறவள் என்றார்கள். சுடுகாட்டுச் சாம்பலை நீற்றில் கலக்கிறாள் என்றும் ஒரு பேச்சுக் கிளம்பியது. தத்புருஷ குருக்கள் அவர் வைத்த கூடையை வாசலிலேயே கவிழ்க்கச் செய்தார். அம்மையார் கவிழ்ந்த நீற்றில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் நாவில் இட்டுக்கொண்டார். மறுநாளும் கூடை வைத்தார். மறுநாளும் கவிழ்த்தார்கள். இப்படி இரண்டு மாதம் நடந்தது. ஏன் வீணாய்ச் சுடுகிறாய் என்று கேட்ட பால்காரியிடம், வாங்குகிறவர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்றார்.

ஐப்பசி மழையில் மேற்கே ஒரு பேரேரி உடைந்தது. வீடிழந்த குடிகள் குழந்தைகுட்டிகளோடு நடந்து வந்து ஆற்றின் அக்கரையில் ஒதுங்கினார்கள். அவர்களில் சிலருக்குக் கடுங்காய்ச்சல் என்ற செய்தி வந்ததும் ஊரார் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். வந்தவர்கள் யாரோ எவரோ, நோயை வேறு சுமந்து வருகிறார்கள், இரக்கப்பட்டால் நம் வீடு காலியாகும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

மழவராயர் முடிவாகச் சொன்னார்: "எல்லா ஓடத்தையும் இந்தக் கரைக்கு இழுத்துக் கட்டிடுவோம். ஏழு வருஷத்துக்கு முன்னால செஞ்சதுதான். அன்னைக்கி அது நம்ம ஊரைக் காப்பாத்துச்சு."

வாசலுக்கு வெளியே கூடையோடு நின்றிருந்த அம்மையாரின் காதில் அது விழுந்தது. சொன்னால் அடித்துத் துரத்துவார்கள். சொல்லாவிட்டால் அக்கரையில் இருப்பவர்கள் சாவார்கள். நாதா, உன்னிடம் மட்டுமே சொன்னதை இவர்களிடமும் சொல்லவா என்று கேட்டுக்கொண்டார். பிறகு, அதுவரை மிதியாத கோயில் வாசற்படியை மிதித்து உள்ளே வந்தார். தடுக்க எழுந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள்.

தம் ஊர் நாணற்குடி என்று அம்மையார் தொடங்கினார். ஏழாண்டுக்கு முன் அங்கே அம்மை நோய் கண்டது. நோய் காணாதவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். வழியில் அவர் கணவர் இறந்தார். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் இந்த ஆற்றின் அக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஓடங்கள் எல்லாம் இந்தப் பக்கம் கட்டிக் கிடந்தன. மூன்று நாள் மழையில் நின்று கூவினார்கள். கோபுரத்தைக் காட்டி, அங்கே போனால் கஞ்சி கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளையைத் தேற்றினார். மூன்றாம் நாள் பிற்பகல், கோபுரத்தைப் பார்த்தபடியே பிள்ளை கண் மூடிற்று. அம்மையார் மடியை அவிழ்த்து அரைஞாண் கயிற்றை எடுத்து எல்லாரும் பார்க்கத் தரையில் வைத்தார்.

"எம் மவ கடைசியாப் பாத்த சாமிக்கு ஊழியம் செய்யணும்னுதான் இங்க வந்தேன். ஒங்கள வையறதுக்குச் சொல்லல. அக்கரையில நிக்கிறவங்க யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதான் சொல்றேன்."

மழவராயர் கண்ணைச் சுருக்கினார். "அப்ப பழி தீக்கத்தான் நாலு வருஷமா எங்க நடுவுல உக்காந்திருக்கியா?"

கடைசி வரிசையிலிருந்து கலியன் எழுந்தார்.

"ஓடத்த இழுத்துக் கட்டுனவன் நான்தான் தாயி. மூணு நாளும் ஒங்க சத்தம் கேட்டுச்சு. நாலாம் நாளு கேக்கல. அந்த நாள்லேருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு. யாருகிட்டயும் இதச் சொன்னதில்ல."

அவர் சொன்னதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. பால்காரி, அன்று பானை நிறையக் கஞ்சி காய்ச்சியும் கணவனுக்கு அஞ்சி மாட்டுக்கு ஊற்றியதைச் சொன்னாள். குருக்கள் தூணைப் பிடித்துக்கொண்டார். அக்கரைக் கூக்குரல் சன்னதிக்குள் கேட்கக் கூடாதென்று மூன்று நாளும் மணியை ஓங்கி ஓங்கி அடித்தது தாம்தான் என்று சொல்லி அழுதார். அம்மையார் ஒவ்வொருவராய்ப் பார்த்தார். இத்தனை காலம் தாம் தேடிய முகங்கள் இவைதாம். அவற்றில் கொடுமையைக் காணவில்லை. தம்மைப்போலவே சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்து களைத்த முகங்களாக இருந்தன.

கலியன் துறைக்கு நடந்தார். அவர் பின்னே ஊர் நடந்தது. அன்று பொழுது சாயும்வரை ஓடங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. வந்தவர்களைத் தேர்க்கொட்டகையில் தங்கவைத்தார்கள். மழவராயர் மூக்கைத் துணியால் மூடியபடி எட்ட நின்று பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்குக் கதவு திறந்த குருக்கள் தீபத்தோடு அப்படியே நின்றுவிட்டார். இறைவன் திருமேனி மழையில் நின்றதுபோல் நனைந்திருந்தது. ஆவுடையாரைச் சுற்றி ஆற்றுச் சேறு ஈரம் காயாமல் கிடந்தது. மண்டபத்தில் இருந்தோர் எல்லாரும் கேட்க, கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நீங்கள் ஓடத்தைக் கட்டிய நாள் முதலாக நாம் இங்கே இல்லை. ஏழாண்டாக அக்கரையில்தான் நின்றோம். நேற்றுக் கடைசி ஓடத்தில் வந்து சேர்ந்தோம். நம்மை அழைத்து வந்தவளை உள்ளே வரச் சொல்லுங்கள்."

தேர்க்கொட்டகையில் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார் அம்மையார். குருக்களே ஓடிவந்து கைகூப்பி அழைத்தார். குழந்தை குடித்து முடிக்கட்டும் சாமி, இதோ வருகிறேன் என்றார் அம்மையார். ஊட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு சன்னதிக்குப் போனார்.

ஊரார் அஞ்சியது முழுப் பொய்யும் அல்ல. காய்ச்சல் ஊருக்குள்ளும் வந்தது. சில வீடுகளில் அழுகை கேட்டது. மழவராயர் படுத்தபோது அவருக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர்கள் அக்கரையிலிருந்து வந்த பெண்கள்தாம். அதன்பின் எந்த வெள்ளத்திலும் எந்த நோயிலும் நொச்சிக்கரையில் ஓடங்களை ஒரு பக்கமாய்க் கட்டியதில்லை.

தம்மைக் கரையேற்றாத ஊரைத் தாம் கரையேற்றிய சடைச்சி அம்மையாரின் திருவடிகளுக்கு நம் தலை தாழட்டும்.