வாலில் கரி பூசிய கூட்டம்

அந்தக் காலத்தில், அமெரிக்கா என்று இன்றைக்குச் சொல்கிறோமே அந்த மண்ணில், மிருகங்கள் எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மனிதன்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கோடையில் காடு பற்றி எரிந்து, ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. கரடி அதற்குக் காவல் உட்கார்ந்தது. கூட்டமாக வந்தால்தான் தண்ணீர். ஒண்டியாக வந்தால் ஒரு சொட்டும் கிடையாது என்பது அதன் சட்டம்.

பூனையைவிடச் சின்ன மிருகமான வளையவாலிக்கு அப்போது அந்தப் பெயர் இல்லை. அவள் வால் வெள்ளை வெளேரென்று இருந்தது. முகம் பூனைச் சாடைதானே என்று, நாக்கு வறண்ட இரண்டு குட்டிகளோடு பூனை வரிசையில் போய் நின்றாள்.

"நகத்தை உள்ளே இழு, பார்ப்போம்," என்றது வரிசையின் முன்னால் நின்ற பெரும்பூனை பூமா.

பாதிதான் போனது.

"பாதிப் பூனைக்கு இங்கே இடமில்லை, தாயி. நடையைக் கட்டு."

மரம் ஏறுகிறவளை நாய்களும் சேர்க்கவில்லை.

கருகிய மரத்தடியில், அவளைப் போலவே விரட்டப்பட்ட மூன்று பேர் இருந்தார்கள். கை ஓயாத ரக்கூன், நீள மூக்குக் கோவாட்டி, வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும் கிங்கஜூ.

"நாமே ஒரு கூட்டமாகிவிடுவோமே," என்றாள் அவள்.

"கரடி அடையாளம் கேட்குமே, அக்கா," என்றது ரக்கூன்.

அடையாளத்துக்காக, கருகிய கொடியைத் தங்கள் வாலிலும் குட்டிகளின் வாலிலும் சுற்றிச் சுற்றி அழுத்தினார்கள். கரி வளையம் வளையமாகப் பதிந்தது. ரக்கூன் அதே கையால் கண்ணைக் கசக்கித் திருடன் மாதிரி ஆகிவிட்டது.

கிங்கஜூ மட்டும் வாலைத் தரவில்லை. "இது எனக்கு ஐந்தாவது கை. கரி பூசினால் கிளை வழுக்கிவிடும், அக்கா."

"சரி, அப்படியே வா."

குட்டையருகே கரடி ஒவ்வொரு வாலாகப் பார்த்தது. "வளையம் உள்ளவர்கள் குடியுங்கள். இவன் போகட்டும்."

குட்டிகள் தண்ணீரில் மூக்கை வைக்கப் போயின. வளையவாலி இருவரையும் கவ்விப் பின்னால் இழுத்தாள்.

"இவன் குடிக்காத தண்ணீர் எங்களுக்கும் வேண்டாம்."

"குட்டிகள் செத்துப்போகும், பைத்தியக்காரி."

"இன்றைக்கு இவனை நாங்கள் கைவிட்டால், நாளைக்கு என் குட்டியை எவன் கைவிடமாட்டான்?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள்.

கரடிக்கு என்னவோ போலிருந்தது. குனிந்து தரையைப் பார்த்தது. சேற்றில் பூனைத் தடத்திலும் நாய்த் தடத்திலும் நான்கு விரல். இப்போது போனவர்கள் தடத்தில் ஐந்து விரல். கிங்கஜூவின் தடத்திலும் ஐந்து. கரடி தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கனைத்தது.

"ஏய், நில்லுங்கள். பார்த்தால் எனக்கே தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறீர்கள். எல்லாரும் வந்து குடியுங்கள்."

குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. வாலில் பதிந்த கரி பிறகு எத்தனை மழையிலும் போகவில்லை. ரக்கூன் இன்னும் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று முதல்தான், வளையம் உள்ளவர்களும் இல்லாத கிங்கஜூவும் ஒரே குடும்பம். மிருகங்களை வகை பிரிக்க உட்காருகிற படித்தவர்களும் வாலோடு நிறுத்திக்கொள்ளாமல் காலையும் தூக்கிப் பார்க்கிறார்கள்.