செவப்புத் துணி கட்டுன பீர்க்கன்

"நான் எதுக்கு அவுக்கறேன்? எனக்கு வேற சோலி இல்லியா? காத்துல அவுந்து விழுந்திருக்கும், போயி வேலியோரம் தேடு. எம் மூஞ்சிய ஏன் பாக்கற?"

விசாலு போட்ட சத்தத்துல பந்தல் மேல உக்காந்திருந்த மைனா ரெண்டும் பறந்து போச்சு.

எதுத்தாப்புல நின்ன கதிரேசன் என்னமோ மெதுவாக் கேட்டான்.

"என்னது? எம் பந்தல்ல தொங்கறது உன்ற துணியா? ஏன், செவப்புத் துணி ஊருல உனக்கு மட்டுந்தான் நெய்யறாங்களா?"

அவன் மறுபடியும் என்னமோ சொன்னான்.

"பாத்தவங்க இருக்காங்களா? கூட்டியா! வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லு!"

பாத்தவங்க யாரும் இல்ல. அது அவளுக்கு நல்லாத் தெரியும். துணிய அவுத்ததும் அவதான், கட்டுனதும் அவதான்.

கிணத்துக்கடவுக்குத் தெக்கால ரெண்டு ஏக்கர் காய்கறித் தோட்டம். பழனாத்தாளோடது. வெவசாயம் கத்துக்க வர்றவங்க எல்லாரும் அவங்கள வாத்தியாரம்மான்னு கூப்புடுவாங்க. வாத்தியாரம்மாளுக்கு வயசு முப்பத்தாறு. விசாலுக்கு நாப்பத்தொம்பது. பஸ் ஸ்டாண்டுகிட்ட நடத்திட்டிருந்த மெஸ்ஸை மூடிட்டு, மூணு வருசமா இங்க கத்துக்கறா. கதிரேசன் லாரி டிரைவர். இந்தத் தை மாசந்தான் வந்து சேந்தான்.

கத்துக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பீர்க்கம் பந்தல். காய்ப்பு வந்ததும் வாத்தியாரம்மா எல்லாப் பந்தலையும் சுத்தி வருவாங்க. ஒரே ஒரு காயில செவப்புத் துணி கட்டுவாங்க. அது விதைக்கு. அதுல யாரும் கை வெக்கக் கூடாது. கொடியிலயே முத்திக் காஞ்சு, ஆட்டுனாக் கலகலன்னு சத்தம் கேக்கோணும். சித்திரையில ஒரு ஞாயித்துக்கெழம, சுத்துப்பட்டுல நாப்பது வூட்டுக்காரங்க வந்து அந்த விதைய வாங்கிட்டுப் போவாங்க. யாரு பந்தல்ல காச்சுதோ அவங்க பேருதான் விதைக்கு. போன வருசம் மாரப்பம் பீர்க்கன். அதுக்கு முந்துன வருசம் தொளசிப் பீர்க்கன்.

விசாலுப் பீர்க்கன்.

பாத்திரம் வெளக்கறப்ப எல்லாம் விசாலு தனக்குத்தானே சொல்லிப் பாத்துக்குவா. மூணு வருசமாச் சொல்லிப் பாக்கறா.

விதை வாங்க வர்றவங்க வெலை கேக்க மாட்டாங்க, எத்தனை நாள்ல காய்க்கும்னு கேக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. "இது என்னத்தத் தாண்டி வந்துச்சு?" பேருக்காரங்க எந்திரிச்சு, காயக் கையில புடிச்சுட்டுப் பதில் சொல்லோணும். போன வருசம் மாரப்பன் எந்திரிச்சு, "மோட்டார் எரிஞ்சு போயி பதினெட்டு நாள் தண்ணியே பாக்காம நின்னுதுங்க"ன்னான். கூட்டத்துல ஒரு 'அட!' கெளம்புச்சு பாருங்க, அந்த 'அட' இன்னும் விசாலு காதுல இருக்குது.

இந்த வருசம் வானத்துக்குப் பைத்தியம் புடிச்சிருந்துச்சு. போயிருக்க வேண்டிய பனி மாசி கடைசியில கொட்டுச்சு. மறு வாரமே மண்டையப் பொளக்கற வெயிலு. பங்குனி எட்டாந் தேதி, நெல்லிக்காய் தண்டி ஆலங்கட்டி.

விசாலு சும்மா இருப்பாளா? பனிக்குப் பழைய சேலையெல்லாம் போட்டுப் பந்தல மூடுனா. வெயிலுக்குத் தென்னங்கீத்து வேஞ்சா. ஆலங்கட்டி விழுந்தப்ப, தலையில அடி வாங்கிட்டே தார்ப்பாய இழுத்துக் கட்டுனா. நெத்தியில வீங்குனது வத்த நாலு நாள் ஆச்சு. அவ பந்தல்ல ஒரு பூ உதுரல. காயெல்லாம் முழங்கை நீளம், ஒண்ணுக்கொண்ணு சளைக்கல.

ஆலங்கட்டி அன்னிக்குக் கதிரேசன் உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் பாக்கப் போயிருந்தான். அவன் பந்தல்ல நாலு கொடியில மூணு போச்சு. மிச்சம் நின்ன ஒண்ணும், எலையெல்லாம் சல்லடை. அதுல ஒரே ஒரு காய், கோணலா.

வாத்தியாரம்மா அந்தக் கோணக் காயில போயி துணியக் கட்டுனாங்க.

விசாலுக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. சாயங்காலம் எல்லாரும் கை கால் கழுவிக் கெளம்புனதும், துணிய அவுத்தா. தன்ற பந்தல்ல இருக்கறதுலயே நீளமான காயில கட்டுனா. முடிச்சு கூட அழகா வந்துச்சு.

மக்கா நாள் விடிஞ்சதும் சந்தைப் பறிப்பு. துணி இல்லாத காயெல்லாம் கூடைக்குப் போச்சு. கோணக் காயும் போச்சு. கதிரேசன் அதுக்குள்ள வெங்காய லோடு ஏத்திட்டு வடக்க போயிட்டான். இன்னிக்கு, விதை குடுக்கற ஞாயித்துக்கெழம காத்தாலதான் திரும்புனான். வந்தவன் நேராப் பந்தலுக்குத்தான் போனான்.

"என்ன சத்தம்?"

வாத்தியாரம்மா வந்து நின்னாங்க. இடுப்புல கருக்கருவா.

கதிரேசன் வாயத் தொறக்கறதுக்குள்ள விசாலு முந்திக்கிட்டா.

"ஆமாங்க, நாந்தான் அவுத்தேன்! இப்ப என்னங்க அதுக்கு?"

"ம்."

"திருடுனேன்னு சொல்லுங்க. சொல்லிக்குங்க. ஆனா எனக்கு ஒரு ஞாயம் வேணுங்க. நான் வந்து மூணு வருசம். இவன் வந்து மூணு மாசம். நான் தார்ப்பாய் கட்டறப்ப இவன் அங்க மாட்டு வண்டிக்கு விசில் அடிச்சிட்டிருந்தான். துணி இவனுக்கா?"

"இவனுக்கு இல்லீங்க்கா. காய்க்குத்தான் கட்டுனேன்."

"பேரு இவனுக்குத்தானுங்களே!"

வாத்தியாரம்மா கதிரேசன் பந்தலுக்கு நடந்தாங்க. விசாலும் பின்னாலயே போனா. மிச்சம் இருந்த அந்தக் கொடியும் இப்பச் சருகாக் கெடந்துச்சு.

"நீங்க துணி மாத்துனது மறுநாளே தெரிஞ்சுதுங்க்கா. அதுக்குள்ள காய் சந்தைக்குப் போயிருச்சு. இதுக்குத் தண்ணி ஊத்திப் பாத்தேன். இன்னொரு பிஞ்சு புடிக்குமான்னு. புடிக்கல."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா, காய் சந்தையில இருந்து திரும்பி வந்துருமா?"

விசாலுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"கோணக் காய்க்கு இத்தனை துக்கமாங்க? எம் பந்தல வந்து பாருங்க. ஒரு சொத்தை உண்டா? ஒரு கோணல் உண்டா?"

"பனியப்ப எத்தனை ராத்திரி மூடுனீங்க?"

"ஒரு ராத்திரி விடலீங்க! கல்யாணத்துக்குக் கட்டுன சேலையக் கூடப் போட்டேன்."

"வெயிலுக்கு?"

"கீத்து. நானே தூக்கியாந்தேன்."

"ஆலங்கட்டிக்கு?"

"அதான் மண்டைய ஒடச்சுக்கிட்டனே! ஒரு கல்லு விழ விடல."

"இந்தக் கொடிய யாரு மூடுனாங்க?"

"யாரு மூடுனா? நாதியில்லாம நின்னுது."

"ம்."

"என்னங்க, எதுக்கெடுத்தாலும் 'ம்'முங்கறீங்க? எனக்குத் தனியாச் சொல்ல வேண்டாம். அங்க நாப்பது வூட்டுச் சனமும் வந்து உக்காந்திருக்குது. அவங்க முன்னாடி வந்து பதில் சொல்லுங்க. எங் காய்க்கு என்ன கொறை? எல்லாரும் கேக்கட்டும்!"

வாத்தியாரம்மா திரும்பி விசாலு பந்தலுக்குப் போனாங்க. துணி கட்டுன காய் பழுப்பாக் காஞ்சு தொங்குச்சு. கருக்கருவால காம்ப அறுத்தாங்க. காதுகிட்ட வெச்சு ஆட்டுனாங்க. கலகலன்னுச்சு.

"ஒரு கொறையும் இல்லீங்க்கா. நெறஞ்ச விதை."

"பின்ன?"

"இந்த வருசம் இருக்கறதும் இது ஒண்ணுதான். இதத்தான் குடுக்கப் போறேன். விசாலுப் பீர்க்கன்."

அந்தப் பேரச் சொல்லி வாத்தியாரம்மா காயக் கையில குடுத்ததும் விசாலுக்கு ஒடம்பு சிலுத்துச்சு. கதிரேசனத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. அவன் குனிஞ்சு, சருகாப் போன கொடிய மொளக்குச்சியில இருந்து பிரிச்சிட்டிருந்தான். அவன் இவளப் பாக்கவே இல்ல. அதுவும் அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"கேட்டுக்கிட்டயாடா? விசாலுப் பீர்க்கன்!"

தோட்டத்து முகப்புல, வேப்ப மரத்தடியில சனம் உக்காந்திருந்துச்சு. விசாலு காயோட முன்னாடி போயி நின்னா. வழக்கமாக் கேக்கற சிரிப்பும் நக்கலும் இந்த வருசம் இல்ல. முதல் வரிசையில வேலாத்தா. ஆலங்கட்டியில அவ பந்தல் மொத்தமும் போச்சு. கையில இருந்த விதையும் அதோட போச்சு. மடியில துண்ட விரிச்சு வெச்சுட்டு, விசாலு கையில இருக்கற காயவே பாத்துட்டிருந்தா.

"அம்மாடி, நல்ல நீளம்"னா வேலாத்தா. "இதாவது நிக்குமா சாமி? அடுத்த தடவ அடிச்சா, எனக்கு எந்திரிக்க சீவன் இல்ல."

விசாலு வாயத் தொறந்தா. மூணு வருசமாச் சேத்து வெச்ச பேச்சு. பனி, வெயிலு, ஆலங்கட்டி. மூணும் நாக்கு நுனியில இருந்துச்சு. பின்னாலேயே சேலை வந்துச்சு. கீத்து வந்துச்சு. தார்ப்பாய் வந்துச்சு.

வாய மூடிக்கிட்டா.

கையில காய் லேசா ஆடுச்சு. உள்ள இருந்த விதை அவளக் கேக்காமயே சத்தம் போட்டுச்சு.

திரும்பி வாத்தியாரம்மாளப் பாத்தா. ரொம்ப மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "நீங்களே சொல்லிருங்களேன்"னா.

வாத்தியாரம்மா போயி வேலாத்தா பக்கத்துல, சனத்தோட சனமாத் தரையில உக்காந்தாங்க. முந்தானைய மடியில விரிச்சாங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரிக் கேட்டாங்க:

"பேரு உங்களுதுங்க்கா. எந்திரிச்சு நின்னாச்சு, காயும் கையில இருக்குது. நாப்பது வூட்டுக்கும் கேக்கட்டும், சத்தமாச் சொல்லுங்க. இது என்னத்தத் தாண்டி வந்துச்சு?"