இரண்டு பச்சைக் கார்கள், ஒரு பித்தளை முயல்

நம்புகிறவர்கள் முன்னால் வாருங்கள். நம்பாதவர்கள் இன்னும் முன்னால் வாருங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வெக்ஸ்டன் என்று இங்கிலாந்தில் ஒரு பந்தயக் கார் இருந்தது. கம்பெனியை மூடி அறுபது வருஷம். கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மரகதவல்லி, பழைய வரைபடங்களைப் பார்த்து, தகட்டைத் தட்டித் தட்டி அச்சு அசலாக இரண்டு வெக்ஸ்டன் செய்துவிட்டார்! இரண்டும் பாசிப் பச்சை. ஏழாம் நம்பர், ஆறரை அடி உயர டாக்டர் குலசேகரனுக்கு. எட்டாம் நம்பர், ஐந்தடிக்கும் குறைவான பஸ் முதலாளி நவநீதனுக்கு. வெக்ஸ்டன் வழக்கப்படி சீட் நகராது. ஓட்டுபவர் காலை அளந்து தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் விடிய விடிய ஓடி ஜெயித்த ஒரு வெக்ஸ்டனின் மூக்கில் இருந்த பித்தளை முயலும் மரகதவல்லியிடம் இருந்தது. இருவருக்கும் அதன் மேல் கண்.

"பத்துச் சுத்து ஓட்டுங்க. ஜெயிச்சவங்களுக்கு முயல்" என்றார் அவர்.

பாழடைந்த விமான ஓடுதளத்தில் பந்தயம். கார்கள் அந்தப் பக்கம், ஓட்டுபவர்கள் இந்தப் பக்கம். கொடி விழுந்ததும் ஓடிப்போய்க் கதவைத் தாண்டிக் குதிக்க வேண்டும். வெக்ஸ்டன்காரர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். ஏழு இடது, எட்டு வலது என்று ஒரு மாதம் ஓடி ஓடிப் பழகியிருந்தார்கள். அன்று காலை காரைக் கழுவியவர்கள் இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள்.

கொடி விழுந்தது! நம்பரைப் பார்க்க யாருக்கு நேரம்? கால் பழகிய இடத்துக்குப் பறந்தது. டாக்டர் எட்டில், முதலாளி ஏழில்!

கிளட்சை எட்டிப் பிடிக்க நவநீதன் சறுக்கி உள்ளே போக, "டிரைவர் இல்லாம வண்டி ஓடுதுடோய்!" என்று கூட்டம் அலறியது. மூன்றாம் சுற்றில் நிறுத்தி, "ஏனுங் மரகதம், இது என்ற சீட்டில்லீங்!" என்றார்.

"நடுவுல மாத்த முடியாதுங்க. இந்தாங்க" என்று சுருட்டிய சாக்கு இரண்டை அவர் முதுகுக்குப் பின்னால் திணித்தார் மரகதவல்லி. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! வளைவுக்கு வளைவு வேகத்தைத் தளர்த்தி, மறுபடி முடுக்கி, முதலாளி துரத்தினார்.

டாக்டரோ, முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே தெரிய, வளைவுகளில் புல்லில் இறங்கி ஏறி, கோழி பறக்க, புழுதி பறக்கப் போனார். பத்துச் சுற்றிலும் அவர் காரின் பிரேக் விளக்கு எரியவே இல்லை. ஒரு கார் நீளத்தில் ஜெயித்தார். கொடியைத் தாண்டியும் நிற்காமல், பெட்ரோல் தீரும்வரை இன்னும் இரண்டு சுற்று!

"ஓட்டுனது நானுங்க" என்றார் டாக்டர், காரைவிட்டு இறங்காமலே.

"ஓடுனது என்ற வண்டீங்!" என்றார் முதலாளி.

சொல்லுங்கள், முயல் யாருக்கு?

விடை: நவநீதனுக்கு. பிரேக் விளக்கு எரியாததையும், டாக்டர் இறங்காததையும் கவனித்தீர்களா? குட்டையாளுக்கு அளந்த சீட்டில் முழங்கால் சிக்கி, ஆக்சிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடியே நின்றுவிட்டது. "வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிஞ்சவங்கதான் டிரைவருங்க. நீங்க அந்த வண்டில போன சரக்கு" என்றார் மரகதவல்லி. டாக்டர் ஒரு மணி நேரம் வாதாடினார். மரகதவல்லி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டர் சரி என்றார். மரகதவல்லி முதலில் எட்டாம் நம்பரின் மூக்கில் முயலை முறுக்கினார். அப்புறம்தான் சீட் போல்ட்டைக் கழற்றி டாக்டரை வெளியே விட்டார்.